நாரைக்கால் அலுவலகம் ஒற்றுமை கண்ட வரலாறு

உலக ஒற்றுமைக்கு இன்று ஒரு முகவரி இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் பொது அறிவில் உள்ள குறை. பாளையங்கோட்டையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடிப்படி ஏறி இடது பக்கம் திரும்பினால் 'நாரைக்கால் நீர்ப் பங்கீட்டு அலுவலகம்' என்று பலகை தெரியும். அதுதான் முகவரி. மனிதகுலம் குகையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து தேடி அலைந்த 'ஒத்துழைப்பு' என்ற அரும்பொருள், சென்ற தை மாதத்தில் எங்கள் கூட்ட அறையில், ஏ.சி. மெஷினுக்கு நேர் கீழே கண்டெடுக்கப்பட்டது. அப்போது நானும் அங்கே இருந்தேன். வடை வாங்கி வைத்தது நான்தான்.

நான் அந்த அலுவலகத்தின் தலைமை எழுத்தர். எங்கள் சாதனையை விளங்கிக்கொள்ள நீங்கள் முதலில் நாரைக்காலைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாமிரபரணியிலிருந்து பிரிகிற சின்னக் கால்வாய் அது. பெரிய கால்வாய்களின் வரிசையில் அதைத் தேடாதீர்கள், கிடைக்காது. நடுவழியில் ஒரு மதகு. மதகுக்கு மேலே வயல் வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் தானாகப் பாயும். கீழே, சீவலப்பேரிப் பக்கத்துக் கடைமடைக்காரர்களுக்கு மதகைத் தூக்கினால்தான் பாயும். முன்பெல்லாம் மேலே உள்ளவர்கள் வந்து இறக்குவார்கள், கீழே உள்ளவர்கள் வந்து ஏற்றுவார்கள். ஒரு வருஷம் அது கம்பும் அரிவாளுமாகப் போய்விட்டது. சில மண்டைகள் உடைந்தன, மதகின் பூட்டும் உடைந்தது. மண்டைக்காரர்கள் சமாதானமாகிவிட்டார்கள். பூட்டு அரசாங்கப் பூட்டு என்பதால் அதன் வழக்கு இன்னும் நடக்கிறது.

அரசாங்கம் தன் ஞானத்தையெல்லாம் ஒன்று திரட்டி, மதகுக்கு இரண்டு பூட்டுப் போட்டது. ஒரு சாவி மேல்மடைப் பிரிவு அதிகாரியிடம், இன்னொன்று கடைமடைப் பிரிவு அதிகாரியிடம். இருவரும் சேர்ந்து மதகில் நின்று திறக்க வேண்டும். ஒருவர் சாவியை இன்னொருவர் தொடக் கூடாது, தமக்குக் கீழே வேலை செய்பவர்களிடம் கொடுத்தனுப்பவும் கூடாது. இந்த ஏற்பாடு வந்த அன்றோடு சண்டை ஒழிந்தது. சண்டை போடுவதற்குத் தண்ணீர் வர வேண்டுமே.

மேல்மடைக்குத் தளவாய், கடைமடைக்கு மணிராஜ். இரண்டு பேரும் நேர்மையாளர்கள், உழைப்பாளிகள், பேரப்பிள்ளை எடுத்தவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஒரு சிக்கல். ஒரே நாளில், ஒரே முற்பகலில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இதில் யார் மூத்தவர் என்று தீர்மானிக்கும் கோப்பு சென்னைக்குப் போயிருக்கிறது. அரசு அலுவலகத்தில் உண்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு தர்மம் தெரியும்: கூட்டமோ, கல்யாணமோ, மதகோ, இளையவர் முதலில் வந்து காத்து நிற்பார், மூத்தவர் கடைசியில் வந்து இறங்குவார். ஆகவே மதகுக்கு முதலில் போகிறவர் தானாகவே இளையவர் ஆகிவிடுவார். கோப்பு வருவதற்குள் அப்படி ஒரு முன்னுதாரணத்தை ஏற்படுத்திக் கொடுக்க இருவருமே தயாராக இல்லை. மதகு திறக்க வேண்டிய நாளில் ஒரு ஜீப் ஒரு டீக்கடையிலும் மற்ற ஜீப் மற்ற டீக்கடையிலும் நின்று, 'அவர் வந்தாச்சா' என்று விசாரித்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் இரண்டும் அலுவலகம் திரும்பும். அடுத்தடுத்த அறையில் இருந்தும் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். பேச வேண்டியதை என்னிடம் பேசுவார்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்து முட்டி தேய்ந்தவன்.

இந்தப் பூட்டுக்குக் கடைமடைக்காரர்கள் ஒரு மாற்றுச் சாவி கண்டுபிடித்திருந்தார்கள். அதில் கைதேர்ந்தவள் சாரம்மாள். சீவலப்பேரிக்கு இந்தப் பக்கம் வயல். வீட்டுக்கு வருஷச் சாப்பாடும் அதில்தான், அடுத்த விதைப்புக்கு விதைநெல்லும் அதில்தான். அவள் தளவாய்க்குப் போன் போடுவாள். "சார், மணிராஜ் சார் வந்து மதகுல கால் கடுக்க நிக்காவ. நீங்க எப்பம் வாரியன்னு கேக்காவ." உடனே மணிராஜுக்குப் போடுவாள். "சார், தளவாய் சார் வந்து ஒரு மணி நேரமா வெயில்ல நிக்காவ. பாவமா இருக்கு." எதிராளி வெயிலில் நிற்கிறார் என்ற செய்தி இரண்டு பேரையும் குளிர்வித்துவிடும். இரண்டு ஜீப்பும் சீறிக்கொண்டு கிளம்பி ஒரே நேரத்தில் வந்து சேரும். தான்தான் கடைசியில் வந்ததாக இருவரும் நினைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பூட்டைத் திறப்பார்கள். தண்ணீர் பாயும். இதைப் பொய் என்று சொல்கிறவர்கள் வேளாண்மை அறியாதவர்கள்.

எங்கள் மேலாளர் சிவசைலம் நவீன நிர்வாகத்தில் ஊறியவர். புதன்கிழமை தோறும் எல்லோரும் புன்னகைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டவர். வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் புன்னகைப் பதிவேடு வைத்தவர். கோபமாக இருக்கிறவர்கள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவரின் கைக்கு மேலிடத்துச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. 'ஊழியர்களிடையே ஒத்துழைப்பு மனப்பான்மையைக் காணொளி விளையாட்டு மூலம் வளர்த்தல்.' சிவசைலம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பயிற்சியாளர் ஜெர்வின் வந்து இறங்கினார். கடற்கரைப் பக்கத்து உவரி ஊர்ப் பிள்ளை. சென்னையில் நிறுவனங்களுக்கு ஒற்றுமை கற்றுக்கொடுக்கிற வேலை. பெரிய டி.வி. ஒன்றை மாட்டினார். ஆளுக்கொரு கைக்கருவி கொடுத்தார். விளையாட்டின் பெயர் 'ரெட்டை வாசல்'. திரையில் ஒரு கோட்டை. சிவப்புப் பொம்மை ஒன்று, நீலப் பொம்மை ஒன்று. திட்டுக்குத் திட்டுத் தாவி, வழியில் உள்ள புதிர்களை இரண்டும் சேர்ந்து அவிழ்த்து, கோட்டையின் உச்சிக்குப் போக வேண்டும். ஒன்று மட்டும் போய்ச் சேர்ந்தால் வெற்றி கிடையாது.

"ரொம்ப ஈசி சார்," என்றார் ஜெர்வின். "சிவப்பு இந்தப் பலகையில ஏறி நின்னா அந்தக் கதவு திறக்கும். நீலம் உள்ள போயிரும். உள்ள ஒரு பலகை இருக்கு. நீலம் அதுல ஏறி நின்னா சிவப்பு போகலாம். அவ்வளவுதான்."

"செவப்பு யாரு?" என்றார் தளவாய்.

"நீங்க சார்."

"அப்பம் நான் நிக்கணும். அவரு போவாரு."

"ஆமா சார்."

"நான் அவருக்குக் கதவு தெறந்துவிட்டுட்டு, அவரு உள்ள போவுத வரைக்கும் காத்துக் கெடக்கணும்."

"கேம்தான சார்."

தளவாய் என் பக்கம் திரும்பினார். "இதக் குறிச்சுக்கிடும் வே. மேல்மடைப் பிரிவு கடைமடைப் பிரிவுக்கு வாசக்காவல் இருக்கணும்னு எந்த அரசாணையில சொல்லியிருக்கு?"

மணிராஜும் என் பக்கம் திரும்பினார். "அவருட்ட சொல்லும். நீலமும் நிக்காது."

நான் இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் வழக்கப்படி எழுந்து போய், தளவாய் காதருகில் குனிந்து, "நீலமும் நிக்காதாம் சார்" என்றேன்.

திரையில் பலகைக்கு அந்தப் பக்கம் சிவப்பு நின்றது, இந்தப் பக்கம் நீலம் நின்றது. இரண்டும் அசையவில்லை. ஆறு வயதுக் குழந்தைகள் இந்தக் கட்டத்தைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும் என்று ஜெர்வின் சொல்லிப் பார்த்தார். குழந்தைகளுக்கு முதுநிலைப் பட்டியல் கிடையாது என்று சிவசைலம் விளக்கினார். கொஞ்ச நேரத்தில் பொம்மைகள் கொட்டாவி விட்டன. பிறகு உட்கார்ந்தன. பிறகு படுத்துக் குறட்டை விட்டன. அரசு அலுவலகத்தை இவ்வளவு நுட்பமாகப் படித்து வைத்திருந்த விளையாட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் சாரம்மாள் வந்தாள். காலையிலிருந்து இரண்டு அதிகாரிகளுக்கும் மாறி மாறிப் போன் போட்டிருக்கிறாள். பயிற்சியில் போனை அணைத்து ஒரு கூடையில் போட வேண்டும் என்பது ஜெர்வினின் விதி. அதனால் டவுன் பஸ் ஏறி நேராகவே வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, பிசான நெல்லுக் கதிரு பால் பிடிக்கு," என்றாள் என்னிடம். "இந்த வாரத்துக்குள்ள ஒரு நனப்பு கெடச்சா நெல்லு. இல்லன்னா வெறும் பதரு. ஆத்துல தண்ணி போவுது. மதகு வரைக்கும் வந்து முட்டிக்கிட்டு நிக்கு. ரெண்டு பூட்டுதான் அண்ணாச்சி."

"பயிற்சி நடக்கும்மா," என்றேன். "பயிற்சிக் காலத்துல களப்பணி கூடாது. சுற்றறிக்கையில இருக்கு."

"என்ன பயிற்சி?"

"ரெண்டு பேரும் சேந்து ஒரு கதவத் தெறக்கப் பழகுதாங்க."

சாரம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கூட்ட அறைக் கண்ணாடி வழியாகத் திரையையும் பார்த்தாள். பொம்மைகள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தன. தலையில் அடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு உள்ளபடியே கஷ்டமாக இருந்தது. ஆனால் அன்று புதன்கிழமை, புன்னகைத்தாக வேண்டும்.

மறுநாள்தான் வரலாறு திரும்பியது. திரும்பியதற்குக் காரணம் ஜெர்வினின் தூக்கக் கலக்கம். கைக்கருவிகளைத் தப்பாக மாற்றிக் கொடுத்துவிட்டார். தளவாய் சலிப்போடு பொத்தானை அமுக்க, நகர்ந்தது நீலம். அதாவது மணிராஜின் பொம்மை. தளவாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். நீலத்தைப் பைய நடத்திக்கொண்டு போய், பலகைமேல் ஏற்றி நிறுத்தினார். கதவு திறந்தது.

"நில்லும் வே," என்றார் நீலத்தைப் பார்த்து. குரலில் இத்தனை வருஷத்துப் பாரம் இறங்கிய நிம்மதி தெரிந்தது. "அங்கனயே நில்லும்."

மணிராஜ் சும்மா விடுவாரா? தன் கையில் இருந்த சிவப்பை உள்ளே ஓட்டிக்கொண்டு போய், அடுத்த பலகையில் கொண்டு நிறுத்தினார். "நீரும் நில்லும். கால் கடுக்கட்டும்."

அடுத்த கதவும் திறந்தது. அதற்கு அடுத்ததும் திறந்தது. தான் நின்றால் கௌரவக் குறைவு, அடுத்தவரை நிறுத்தினால் அது நிர்வாகம் என்ற அரிய தத்துவத்தின் மேல் இருவரும் ஏறி, கோட்டையில் மடமடவென்று முன்னேறினார்கள். ஜெர்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து மாநிலங்களில் ஒற்றுமை கற்றுக்கொடுத்திருக்கிறாராம், இந்த வழியை ஒருவரும் கண்டுபிடித்ததில்லையாம்.

மூன்றாம் நாள் இருவரும் நேரடியாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள். என் முட்டிக்கு ஓய்வு கிடைத்தது.

"தாவும் வே, தாவும்."

"பைய வாரும், முள்ளு கெடக்கு."

"நீரு ஒரு ஆளுதான் வே. இத்தன வருசம் பேசாமப் போச்சே."

மத்தியானச் சோற்றைப் பங்கிட்டுக்கொண்டார்கள். தளவாய் வீட்டுச் சொதியை மணிராஜ் தட்டிலும், மணிராஜ் வீட்டு மீன்குழம்பைத் தளவாய் தட்டிலும் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதுநிலைக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும்படி சென்னைக்கு எழுதலாமா என்றுகூடப் பேச்சு எழுந்தது. யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பதில் அது அப்படியே நின்றது.

கடைசிக் கட்டத்தில் ஒரு புதுச் சிக்கல் வந்தது. அங்கே மூன்று பலகைகள். சிவப்பு, நீலம் இரண்டும் போதாது. தலையில் முண்டாசு கட்டிய ஒரு குடியானவப் பொம்மை மூலையில் உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டால் கூடவே வரும், சொன்ன இடத்தில் நிற்கும்.

"இவர் ஒரு பலகையில நிப்பார் சார். நீங்க ரெண்டு பேரும் கதவத் தாண்டிருங்க," என்றார் ஜெர்வின். "ஆனா அந்தப் பக்கம் போனதும் ஒருத்தர் மேல ஏறி, ஒருத்தர் கீழ நின்னு, கயித்த விட்டு அவரையும் இழுத்துக்கணும். கொஞ்சம் சிரமம்தான். அதுதான் இந்தக் கேமோட சாராம்சமே."

குடியானவர் பலகையில் நின்றார். கதவு திறந்தது. சிவப்பும் நீலமும் கைகோத்துக்கொண்டு உள்ளே போயின. போய்க்கொண்டே இருந்தன.

"சார், கயிறு," என்றார் ஜெர்வின்.

"எதுக்கு?"

"அவர இழுக்கணும் சார்."

"அவரு அங்கன நிக்கதுதானடே நமக்கு நல்லது?" என்றார் தளவாய். "எறங்கிட்டார்னா கதவு சாத்திரும்."

"அவருக்கு என்ன கொறச்சல்? நெழல்லதான நிக்காரு," என்றார் மணிராஜ்.

"அதானே. சரியாச் சொன்னீரு."

"நீரு சொன்னதத்தான் நானும் சொல்லுதேன்."

இருவரும் ஒரே கருத்தைச் சொன்ன முதல் தருணம் அது. சிவசைலம் எழுந்து கைதட்டினார். குடியானவரை விட்டுவிட்டுப் போனதற்கு விளையாட்டு கொஞ்சம் மதிப்பெண்ணைக் கழித்துக்கொண்டது. அதனால் என்ன, கோட்டையின் உச்சி கிடைத்துவிட்டது. வாணவேடிக்கை, மேளதாளம். திரையில் சிவப்பும் நீலமும் கட்டிப்பிடித்தன. கீழே தளவாயும் மணிராஜும் கட்டிப்பிடித்தார்கள்.

கதவோரம் சாரம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

"அந்த முண்டாசு கட்டுன பொம்ம அங்கனயே நிக்குதே, அண்ணாச்சி," என்றாள்.

"அது நிக்கதுக்குன்னே உள்ள பொம்மம்மா," என்றேன்.

ஆனால் சாரம்மாளுக்கு அன்று முகம் மலர்ந்திருந்தது. அதிகாரிகள் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டிருப்பதைக் கண்ணாரப் பார்த்துவிட்டாள். இனிப் பொய் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு ஜீப் வேண்டியதில்லை, இரண்டு டீக்கடை வேண்டியதில்லை. நேரே போய்க் கும்பிட்டு நின்றாள்.

"சார், ரெண்டு பேரும் ஒரே ஜீப்புல ஏறி வந்துட்டா யாரு முந்தி யாரு பிந்தின்னு பேச்சே இல்லலா? இன்னைக்கே வந்தாலும் கதிரு தப்பிச்சுரும். நுனி வெளுக்க ஆரம்பிச்சுட்டு."

இவ்வளவு எளிதான யோசனையை எந்த அலுவலகமும் ஏற்காது. அன்று ஏற்றது. வெற்றி மயக்கத்தில் இருந்தார்கள். தளவாய் இடுப்பிலிருந்து தன் சாவியை எடுத்தார். மணிராஜ் மேஜை டிராயரிலிருந்து தன் சாவியை எடுத்தார். தளவாய் தம் வளையத்தை நீட்ட, மணிராஜ் தம் சாவியையும் அதிலேயே கோத்துவிட்டார். இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் கணகணவென்று ஆடின. டிரைவர் ஜீப்பைக் கிளப்பிவிட்டார். சாரம்மாள் மாடிப்படியில் பாதி இறங்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து சிவசைலம் அறையை விட்டு வெளியே வந்தார். வளையத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"என்னது இது?" என்றார்.

"சாவி சார். மதகத் தெறக்கப் போறோம்."

"ரெண்டும் ஒரே வளையத்துலயா?" சிவசைலம் வளையத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இத வச்சா மதகத் தெறப்பீங்க? இது சாவியா வே? இது சின்னம்."

சின்னம் என்று ஒரு மேலாளர் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அது சாவி அல்ல. அன்று சாயங்காலமே கண்ணாடிப் பேழை வந்தது. உள்ளே பத்தமடைப் பாய்த் துண்டு ஒன்றை விரித்து, பட்டு நாடாவில் சாவி வளையத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அரக்கு முத்திரை வைத்து, கூட்ட அறை வாசலில் மாட்டினார்கள். 'ஒற்றுமைச் சின்னம் – தொடாதீர்' என்று நானே அழகாக எழுதிக் கொடுத்தேன். திறந்துவைப்பதற்கு மாநிலத் தலைமை அதிகாரி வருவார், அதுவரைக்கும் முத்திரையை யாரும் உடைக்கக் கூடாது என்பது மேலாளர் உத்தரவு.

அடுத்த நாள் சாரம்மாள் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள். மூக்கு கண்ணாடியில் படுகிற மாதிரி நின்றாள்.

"இத ஒடச்சா என்ன அண்ணாச்சி ஆவும்?"

"அரசுச் சொத்துக்குச் சேதம். வழக்குப் போடுவாங்க."

வழக்கு என்ற சொல் அவளுக்குப் புதிதல்ல. அந்தப் பழைய பூட்டு வழக்கில் அவள் வீட்டுக்காரர் இன்னும் வாய்தாவுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார். உயர்த்திய கையைக் கீழே போட்டாள்.

"சார்மாரு எங்க?"

"சென்னைக்குப் போயிருக்காங்கம்மா. மாநில அளவுல ஒத்துழைப்புப் போட்டி. ஒரே ரயில்ல, ஒரே பெட்டியில போயிருக்காங்க."

அப்போதும் அவள் விடவில்லை. வராந்தாவுக்குப் போய்ப் பழைய வழக்கப்படி தளவாய்க்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. "சார், மணிராஜ் சார் சென்னையில இருந்து வந்துட்டாவ. மதகுல வந்து நிக்காவ."

"எம்மா, அவரு இந்தா எம் பக்கத்துல இருந்து பஜ்ஜி திங்காரு," என்றார் தளவாய். பின்னாலிருந்து மணிராஜ் சிரிக்கிற சத்தம் கேட்டது. "இத்தன வருசமா இப்படித்தான் எங்கள ஏமாத்திக்கிட்டு இருந்தீயளா?" என்று இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்டன. போன் அணைந்தது. சாரம்மாள் அழவில்லை. முந்தானையால் போன் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் அணி மாநில முதல் பரிசு வாங்கியது. கோப்பை இரண்டு கைப்பிடி உள்ளது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பிடியாகத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கியபோது மாலை போட்டவர்களில் நானும் ஒருவன். அதே நாளில் கடைமடை வயல்களில் கதிர்கள் வெள்ளை வெளேரென்று நிமிர்ந்து நின்றன. நெல் பிடித்த கதிர் தலை குனியும், பதர் நிமிர்ந்து நிற்கும். பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். மதகுக்கு மேலே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்ததாம். உடைப்பு எடுக்கக் கூடாதே என்று மறுபடி ஆற்றுக்கே வடித்துவிட்டார்களாம்.

சாரம்மாள் மேலிடத்துக்கு மனுப் போட்டாள். விசாரணை வந்தது. இங்கேதான் வாசகர்கள் பயிற்சியின் பலனை நன்றாகக் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் விசாரணை வந்தால் தளவாய், 'மணிராஜ் வரவில்லை' என்று எழுதுவார். மணிராஜ், 'தளவாய் வரவில்லை' என்று எழுதுவார். விசாரிக்க வருகிறவர் இரண்டையும் வைத்துப் பார்த்து, இருவருமே வரவில்லை என்ற உண்மையைக் கண்டுபிடித்து, இருவரையும் நாலு கேள்வி கேட்பார். அந்தப் பயத்தில் ஒரு மாதம் மதகு ஒழுங்காகத் திறக்கும். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அலுவலகம் ரெண்டுபட்டால் மனுதாரருக்குக் கொஞ்சம் தண்ணீர்.

இந்த முறை இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே பேனாவில், ஒரே விளக்கத்தை எழுதிக் கொடுத்தார்கள். நல்ல நடை. நானே மெய்ப்புப் பார்த்தேன். 'மேல்மடைப் பிரிவும் கடைமடைப் பிரிவும் வரலாறு காணாத ஒத்துழைப்புடன் செயல்பட்டுவந்த காலத்தில், மேற்படி நெற்பயிர் மட்டும் அவசரப்பட்டுப் பால் பிடித்து, அலுவலகத்தின் பயிற்சி அட்டவணையோடு ஒத்துழைக்கத் தவறிவிட்டது.' மேலும், மனுதாரர் பல ஆண்டுகளாகப் போனில் பொய்த் தகவல் கொடுத்து அதிகாரிகளை அலைக்கழித்தவர் என்பதும் சேர்க்கப்பட்டது. இரண்டு கையெழுத்து, இரண்டும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு பக்கமிருந்து. விசாரிக்க வந்தவருக்குக் கேட்க ஒரு கேள்விகூட இல்லை. பேழையைப் பார்த்துப் பாராட்டிவிட்டு, வடை தின்றுவிட்டுப் போனார். மனு முடித்துவைக்கப்பட்டது.

முடித்துவைத்த தாளை வாங்கிக்கொள்ளச் சாரம்மாள் வந்தாள். முந்தியில் கொஞ்சம் கதிர் முடிந்து வைத்திருந்தாள். அவிழ்த்து, தளவாய்க்கும் மணிராஜுக்கும் நடுவில் மேஜைமேல் உதறினாள். உமி மட்டும் பறந்தது. இருவரும் ஒரே சமயத்தில் தும்மினார்கள். நிறைவு விழாவுக்கு 'பயனாளி கருத்து' வேண்டும் என்று ஜெர்வின் அலைந்துகொண்டிருந்தார். அவள் பேசத் தொடங்கியதும் செல்போனை நீட்டிப் பதிவு செய்துகொண்டார். அவள் சத்தம் போடவில்லை. இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தாளைக்கூட வாங்காமல் மாடிப்படி இறங்கிப் போனாள்.

விழா சிறப்பாக நடந்தது. தலைமை அதிகாரி பேழையைத் திறந்துவைத்தார், அதாவது திரையை விலக்கினார். முத்திரை அப்படியேதான் இருக்கிறது. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ் பலகை. நடுவில் தளவாயும் மணிராஜும் கோப்பையோடு. கீழே சாரம்மாளின் படம், வட்டத்துக்குள். பக்கத்தில் அவள் வாயால் சொன்னதே, எழுத்துப் பிசகாமல்: 'இப்ப ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டிய.' தலைமை அதிகாரி அதை இரண்டு தடவை வாசித்து, மக்களின் சொல்லுக்கு மேல் ஒரு சான்றிதழ் உண்டா என்று கேட்டார். இல்லை என்று எல்லோரும் சொன்னோம்.

அவள் சொன்னதில் அதற்கு முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் உண்டு. கோப்பையைப் பெரிதாகப் போட்டதால் பலகையில் இடம் போதவில்லை. ஜெர்வினின் போனில் முழுசாக இருக்கிறது, நான் ஒன்றுக்கு நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

"முன்னால ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்க மாட்டிய. ஆனா ஒருத்தரு பேரச் சொல்லி இன்னொருத்தர வரவழைக்கலாம், ஒருத்தரு தப்ப இன்னொருத்தர் வாயால கேக்கலாம். இப்ப ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டிய. இனி நாங்க யாருட்ட போயி நிக்க?"